டிரைவருக்கு எஃப்.சி. எடுத்தாச்சா?

சகோதரிகளே, உங்கள் பெயரில் ஏதாவது வண்டி இருக்கிறதா?

"எனக்கு ஓட்டவே தெரியாதே!" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ள வேண்டாம். ஓட்டத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. வண்டி உங்கள் பெயரில் இருக்கிறதா என்றுதான் கேட்டேன். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில், "மகாலட்சுமி மாதிரி, அவள் பேரிலேயே இருக்கட்டும்" என்று சொல்லி வண்டியை மனைவியின் பெயரில் வாங்கிவிடுகிறார்கள். எலுமிச்சம் பழத்தை டயருக்கு அடியில் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, சர்க்கரைப் பொங்கல் விநியோகம் செய்து முடித்ததும், அந்த மகாலட்சுமிக்கும் வண்டிக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்து போகிறது. ஆர்.சி. பீரோவுக்குள் போய்விடும், மகாலட்சுமி சமையலறைக்குள் போய்விடுவாள்.

என் தாயாரும் அப்படிப்பட்ட மகாலட்சுமிகளில் ஒருத்திதான். என் தகப்பனார் தம்முடைய இரண்டு லாரிகளையும் ராசி பார்த்து அம்மா பெயரில்தான் வாங்கினார். 2019-இல் அவர் காலமானார். "லாரியை விற்றுவிட்டு, பணத்தைப் பாங்கியில் போட்டு வட்டி வாங்கிச் சாப்பிடு" என்று உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் யோசனை சொன்னார்கள். எட்டாம் வகுப்புவரை படித்த என் தாயார் அத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் லாரி ஷெட்டுக்குப் போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து கொண்டாள்.

எங்கள் ஊர் நாமக்கல். முட்டைக்கும் லாரிக்கும் பெயர்போன ஊர். அங்கே தெருவில் தடுக்கி விழுந்தால்கூட ஏதாவது ஒரு பாடி கட்டும் பட்டறையில்தான் போய் விழவேண்டும். எங்கள் வண்டிகள் போகும்போது முட்டை ஏற்றிப் போகும். திரும்பும்போது கர்நாடகத்திலிருந்து கோழித் தீவனத்துக்கு மக்காச்சோளம் ஏற்றி வரும். நானோ சென்னையில் உட்கார்ந்து எழுதிப் பிழைக்கிறவள். லாரியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் ஹாரன் சத்தம் ஒன்றுதான்.

2024, பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள் மாலை. காரியாலயத்தில் ஒரு கட்டுரைக்குத் தலைப்புக் கிடைக்காமல் தவித்துக் கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"கண்ணு, தருமபுரிகிட்ட நம்ம வண்டியை நிறுத்திப் போட்டாங்க."

எனக்குப் பகீர் என்றது. "யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலே. பிரேக் இன்ஸ்பெக்டர் சோதனை போட்டிருக்கார். மாமா லைசென்ஸ் செல்லாதுங்கறாராம்."

மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது அவருடைய உத்தியோகப் பெயர். ஆனால் எங்கள் ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. பிரேக் இன்ஸ்பெக்டர் என்றால்தான் புரியும். 'மாமா' என்பது எங்கள் டிரைவர். உறவு ஒன்றும் கிடையாது. இருபத்தேழு வருஷமாக எங்கள் வீட்டுச் சோறு சாப்பிட்டு, எங்கள் வண்டி ஓட்டியவர். அம்மாவுக்கு அவர் 'தம்பி'. அவருக்கு அம்மா 'அக்கா'. சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டால் என்னை லாரியின் முன்பக்கத்தில் தூக்கி உட்கார வைத்துக் கொண்டு போய் இறக்கிவிடுவார். இன்றைக்கும் நான் அவருக்குப் 'பாப்பா'தான்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மக்காச்சோளம் ஏற்றி வந்த வண்டியைத் தருமபுரிக்கு அருகே நிறுத்தினார்கள். ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்ஷூரன்ஸ், வரி, புகைச் சான்று எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் கச்சிதமாக இருந்தன. கடைசியில் மாமாவின் லைசென்ஸை வாங்கிப் பார்த்தார் அந்த அதிகாரி. வாங்கினவர் திருப்பித் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். லாரி, பஸ் ஓட்டுகிறவர்களின் லைசென்ஸில் இரண்டு தேதிகள் இருக்கும். ஒன்று, சொந்தக் கார், ஸ்கூட்டர் போன்றவற்றை ஓட்டுவதற்கு. மற்றொன்று, லாரி, பஸ் முதலிய போக்குவரத்து வாகனங்களை ஓட்டுவதற்கு. முதல் தேதி நீண்ட காலம் வரும். இரண்டாவது, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, சாதாரணமாக ஐந்து வருஷத்துக்குத்தான். மாமாவின் லைசென்ஸில் முதல் தேதி முடிய இன்னும் காலம் இருந்தது. இரண்டாவது தேதி முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது.

பழைய சட்டத்தில், தேதி முடிந்தாலும் முப்பது நாள் செல்லும் என்று ஒரு சலுகை உண்டு. அதையும் 2019-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது தேதி முடிந்தால் முடிந்ததுதான்.

அந்த அதிகாரி அதட்டவில்லை, மிரட்டவில்லை. "வண்டி நல்லா இருக்குதுங்க. ஓட்டி வந்த உங்களுக்குத்தான் தேதி முடிஞ்சு போச்சு" என்று மட்டும் சொன்னாராம். அந்த வார்த்தை மாமாவின் மனசில் எப்படித் தைத்திருக்கும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு அபராதம் விதித்தார். செல்லாத லைசென்ஸோடு ஓட்டியதற்கு, 181-ஆம் பிரிவின்படி டிரைவருக்கு 5,000 ரூபாய். அப்படிப்பட்டவரை ஓட்ட அனுமதித்ததற்கு, 180-ஆம் பிரிவின்படி சொந்தக்காரருக்கு 5,000 ரூபாய்.

"சொந்தக்காரருன்னா யாரு கண்ணு?" என்றாள் அம்மா.

"நீதான் அம்மா."

"நானா! நான் வீட்டிலே ரசத்துக்குப் புளி கரைச்சிக்கிட்டு இருந்தேன்!"

புளி கரைத்தாலும் பொறுப்புக் கரையாது, சகோதரிகளே! லைசென்ஸ் இல்லாத ஒருவரைத் தம் வண்டியை ஓட்ட விடக்கூடாது என்கிற கடமையைச் சட்டம் சொந்தக்காரரின் தலையில்தான் வைத்திருக்கிறது. 'எனக்குத் தெரியாது' என்பது வீட்டில் செல்லும், ரோட்டில் செல்லாது.

அம்மா அதற்குமேல் புலம்பவில்லை. தெரிந்த புக்கிங் ஆபீஸில் சொல்லி, வேறொரு டிரைவரைத் தருமபுரிக்கு அனுப்ப ஏற்பாடு செய்தாள். "லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டதற்கு, "இருக்குதுங்க" என்று பதில் வந்தது. அம்மா விடவில்லை. "போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ரெண்டு தேதியும் தெரியணும்" என்றாள். எத்தனை சீக்கிரம் பாடம் படித்துவிட்டாள், பாருங்கள்!

தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம் பக்கமாக வருகிற வண்டிகளுக்கு அது இறக்கம். பாரம் ஏற்றிய லாரி இறங்கும்போது பிரேக்கையும் கியரையும் மட்டுமல்ல, முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கையும் நம்பித்தான் இறங்க வேண்டும். அங்கே நடந்த விபத்துகளைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி படித்திருப்பீர்கள். எங்கள் லாரி அந்தக் கணவாயை நள்ளிரவுக்குப் பிறகு கடந்தது. புது டிரைவர் ஓட்டினார். கிளீனர் உட்காருகிற இடத்தில் மாமா உட்கார்ந்து வந்தார். வழி நெடுக ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மறுநாள் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, ஷெட்டில் ஆலோசனை சபை கூடியிருந்தது. பெரியப்பா சொன்னார்: "பத்தாயிரத்தைக் கட்டினால் விஷயம் முடிந்தது. இதற்கு ஏன் இத்தனை விசாரம்?" பக்கத்து ஷெட்காரர் சொன்னார்: "ரெண்டு அபராதத்தையும் டிரைவர் சம்பளத்திலே பிடிச்சுக்கோங்க." மூன்றாவதாக ஒரு தரகர். அவர் சிரித்துக் கொண்டே, "ஐந்நூறு ரூபாய் கொடுங்க. டாக்டர் சர்டிபிகேட்டோட வர்றேன். டிரைவர் வரவே வேணாம்" என்றார்.

இந்த டாக்டர் சர்டிபிகேட் எதற்கு என்கிறீர்களா? லாரி, பஸ் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் படிவம் 1-ஏ என்று ஒரு மருத்துவச் சான்று வேண்டும். அதில் டாக்டர் சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இவரால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடிகிறதா? நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருந்து ஒரு காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா? ஹாரன் சத்தம் காதில் விழாத அளவுக்குச் செவிட்டுத்தனம் உண்டா? மாலைக்கண் உண்டா? மொத்தத்தில், வண்டிக்கு எஃப்.சி. மாதிரி இது மனிதனுக்கு எஃப்.சி.!

எங்கள் வண்டி எட்டு வயதைத் தாண்டியது. ஆகையால் வருஷத்துக்கு ஒரு தடவை அதற்கு எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் நடக்கும் அமர்க்களத்தைப் பார்க்க வேண்டுமே! பட்டறையில் நிறுத்தி, பிரேக்கைக் கழற்றி மாட்டி, விளக்கு மாற்றி, பெயின்ட் அடித்து, கல்யாணப் பெண்ணைப் போல் ஜோடித்து அனுப்புவார்கள். அதே வண்டியை ஓட்டுகிற மனிதனுக்கு எஃப்.சி. ஐந்நூறு ரூபாய்; ஆள் வரவே வேண்டாம்!

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காலேஜில் படித்து, பத்திரிகையில் ஊருக்கெல்லாம் உபதேசம் எழுதுகிற நானும் அன்றைக்கு அந்தத் தரகரின் கட்சியைத்தான் சேர்ந்தேன். "முதலில் லைசென்ஸைப் புதுப்பித்துவிடலாம், அம்மா. தேதி முடிந்து ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தால் ஓட்டிக் காட்டும் பரீட்சைகூடக் கிடையாது. மாமாவைப் பற்றி நமக்குத் தெரியாதா?" என்றேன்.

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்ணைப் பார்க்காமே கண்ணு நல்லா இருக்குதுன்னு எழுதற காகிதத்துக்கு உங்க காலேஜிலே என்ன பேரு சொல்லிக் கொடுத்தாங்க, கண்ணு?"

நான் பதில் சொல்லவில்லை. தரகர் மெதுவாக எழுந்து போய்விட்டார்.

அம்மாவின் மனசில் வேறு ஒரு கேள்வி உறுத்திக் கொண்டிருந்தது. நான்கு மாதம் ஏன் புதுப்பிக்கவில்லை என்று மாமாவைக் கேட்டிருந்தாள். "மறந்துட்டேனுங்க அக்கா" என்று பதில் வந்திருந்தது. இருபத்தேழு வருஷத்தில் ஆயில் மாற்றுகிற தேதியைக்கூட மறக்காத மனிதர் அவர். மறந்துவிட்டேன் என்று அவர் சொன்னதை அம்மாவால் நம்ப முடியவில்லை.

எங்கள் பழைய கிளீனர் பையன் 2023 தீபாவளிக்குப் பிறகு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அதன்பின் கிளீனர் இல்லாமல்தான் வண்டி ஓடிக் கொண்டிருந்தது. அம்மா அவனுக்குப் போன் போட்டாள். குசலம் விசாரித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தம்பி, நீ இருக்கையிலே மாமா ராத்திரியிலே எப்படி ஓட்டுவாரு?"

மறுமுனையில் வெகுநேரம் சத்தம் இல்லை. பிறகு பையன் சொன்னான்:

"அம்மா, மாமாகிட்டச் சொல்லிடாதீங்க. ராத்திரியிலே நான்தானுங்க அவருக்குக் கண்ணு. 'முன்னாலே டிராக்டர் மாமா, லெப்ட்டுலே ஆள் மாமா'ன்னு சொல்லிக்கிட்டே வருவேன்."

போனை வைத்த பிறகு அம்மா பேசவில்லை. எனக்குத் தொப்பூர் கணவாய்தான் ஞாபகத்துக்கு வந்தது. அந்தச் சோதனை மட்டும் கணவாய்க்கு முன்னால் நடந்திராவிட்டால், அன்று இரவு அந்த இறக்கத்தில், கூடக் குரல் கொடுக்கவும் ஆளில்லாமல் இறங்கியிருப்பார் எங்கள் மாமா.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது, சேலத்திலிருந்து மாமாவின் வண்டியில்தான் வந்தேன். பொழுது சாய்ந்த நேரம். ரோட்டில் விழுந்திருந்த ஒரு மரத்தின் நிழலைக் கண்டு அவர் சட்டென்று பிரேக் போட்டார். முன் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. "அந்த போர்டுலே என்ன பாப்பா எழுதியிருக்குது?" என்று கேட்டார். என் தமிழைப் பரீட்சை செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துக் கொண்டே படித்துக் காட்டினேன். கண்ணுக்கு நேரே நடந்ததைக் காணாமல் இருந்தவள் நான். அப்படியிருக்க, குருட்டுத்தனம் யாருக்கு என்று சொல்வது?

அபராத நோட்டீஸைப் பற்றி அம்மா ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். "இதிலே ரெண்டு தப்பு இருக்குது கண்ணு. ஒண்ணு காகிதத் தப்பு. இன்னொண்ணு உடம்புத் தப்பு. முதல் தப்புக்குப் பணம் கட்டினாப் போதும். ரெண்டாவதுக்குப் பணம் போதாது."

இரண்டு அபராதத்தையும் அவளே கட்டினாள். "தேதியைப் பார்க்காதது என் தப்பும்தானே?" என்றாள். நோட்டீஸில் உள்ள பெயர், இடம், தேதி, பிரிவு எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று என்னைப் படித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கட்டினாள். தவறாக வந்த நோட்டீஸாக இருந்தால், பணத்தைக் கட்டாமல் ஆட்சேபிக்கலாம், கோர்ட்டில் முறையிடலாம். எங்களுடையது தவறான நோட்டீஸ் அல்ல.

பிறகு மாமாவைக் கூப்பிட்டு அனுப்பினாள். கிளீனர் பையன் சொன்னதைப் பற்றி மூச்சு விடவில்லை. "தம்பி, எனக்குக் கொஞ்ச நாளா எழுத்து மங்கலாத் தெரியுது. நாளைக்குக் கண் டாக்டர்கிட்டப் போறேன். துணைக்கு வர்றீங்களா? அப்படியே நீங்களும் ஒரு தரம் பார்த்துக்கிட்டா ஆச்சு" என்றாள்.

ஆஸ்பத்திரியில் முதலில் அம்மாதான் நாற்காலியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தாள். அவளுக்கு ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார்கள். அடுத்து மாமா. அவருக்குக் கண்ணில் மருந்து விட்டுப் பாப்பாவை விரியச் செய்து பார்த்தார்கள். வலது கண்ணில் புரை. இடது கண்ணில் வேறு சமாசாரம். சர்க்கரை வியாதி விழித்திரையின் ரத்தக் குழாய்களைக் கெடுத்திருந்தது. தமக்குச் சர்க்கரை இருப்பதே மாமாவுக்கு அன்றுதான் தெரியும்.

டாக்டர் அம்மாள் நிதானமாக எடுத்துச் சொன்னார். புரையை ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம். ஒரே நாளில் வீட்டுக்குப் போகலாம். ஆனால் விழித்திரை கெட்ட இடம் திரும்பி வராது. லேசர், ஊசி மூலம் மேலும் கெடாமல் நிறுத்தப் பார்க்கலாம். சர்க்கரை உள்ளவர்கள் பார்வை நன்றாக இருக்கும்போதே வருஷத்துக்கு ஒரு தடவை இந்தச் சோதனை செய்து கொள்ள வேண்டும். ஏனென்றால் இந்த நோய் ஆரம்பத்தில் எந்த அடையாளமும் காட்டாது. எல்லாம் சொன்ன பிறகு, "லாரி ஓட்ட நான் கையெழுத்துப் போட முடியாது. முதலில் சிகிச்சை முடியட்டும்" என்றார்.

வெளியே வந்ததும் மாமாவுக்கு வந்த கோபம் இருக்கிறதே! இருபத்தேழு வருஷத்தில் நான் பார்த்திராத கோபம். "வண்டியிலே ஒரு கீறல் விழாம ஓட்டியிருக்கேன் அக்கா! இதுக்குத்தான் என்னைத் தந்திரமாக் கூட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்று நடுத் தெருவில் நின்று கத்திவிட்டுப் போய்விட்டார். ஒன்பது நாள் ஷெட் பக்கம் தலை காட்டவில்லை.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. டிரைவருக்குச் சம்பளத்தைவிடப் பேட்டா பெரிது. அவருடைய இரண்டாவது பெண் சேலத்தில் காலேஜில் படித்துக் கொண்டிருந்தாள். ஒரு டாக்டரின் ஒரு வாக்கியத்தில் அந்தக் குடும்பத்தின் அடுப்பே ஆடியது. அம்மாவும் அந்த ஒன்பது நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "நான் செய்தது சரியா, கண்ணு?" என்று ராத்திரியில் கேட்பாள். சரிதான் என்று சொல்வேன். ஆனால் அந்தப் பெண்ணின் காலேஜ் சம்பளத்தை நானா கட்டப் போகிறேன்?

பத்தாம் நாள் காலையில் மாமா வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். படிவம் 1-ஏ. டாக்டர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. கண் நன்றாகத் தெரிகிறது, மாலைக்கண் கிடையாது என்று எழுதியிருந்தது. எந்த டாக்டர் என்று நான் எழுதப் போவதில்லை.

"அந்தத் தரகர் மூலமா வாங்கினேன் அக்கா. வேறே ஷெட்டுலே வண்டியும் தர்றேன்னாங்க" என்றார். பிறகு குரல் தழுதழுத்தது. "அந்த டாக்டர் என் மூஞ்சியை நிமிர்ந்துகூடப் பார்க்கலே அக்கா. போன் பேசிக்கிட்டே கையெழுத்துப் போட்டார். நான் குருடா இருந்தாலும் போட்டிருப்பார். நீங்கதான் கூட்டிக்கிட்டுப் போய்ப் பார்க்க வச்சீங்க."

அம்மா அந்தக் காகிதத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். அவருக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னாள்.

சிகிச்சை ஆறு மாதம் நடந்தது. வலது கண் துலக்கமாகத் தெரிந்தது. இடது கண் இருந்த இடத்தில் நின்றது. மறுபடியும் டாக்டரிடம் போனபோது, கேட்பதற்கு முன்பே மாமா சொல்லிவிட்டாராம்: "பெரிய வண்டி எனக்கு வேண்டாங்க அம்மா. ராத்திரியிலே எதிர் வெளிச்சம் பட்டா ஒண்ணும் தெரியலே."

இதற்குள் அம்மா இன்ஷூரன்ஸ் விஷயத்தையும் விசாரித்துத் தெரிந்து கொண்டிருந்தாள். செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், அடிபட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும்படி ஆகலாம். ஆனால் சொந்தக்காரர் தெரிந்தோ கவனிக்காமலோ அதற்கு இடம் கொடுத்திருந்தால், அந்தப் பணத்தை அவரிடமிருந்து கம்பெனி வசூல் செய்துவிடலாம். 2004-இல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் இதை விளக்கியிருக்கிறது. அதாவது, ரசத்துக்குப் புளி கரைத்துக் கொண்டிருந்த அம்மாவின் வீடும் நகையும் அந்தக் கணவாயில் உருண்டிருக்கும். "பணம் போனாப் போகட்டும். எவ வீட்டிலேயோ எவளோ தாலி அறுத்திருப்பாளே!" என்றாள் அம்மா. கணவனை இழந்தவள் சொன்ன வார்த்தை, அதற்குமேல் பேச்சில்லை.

இப்போது ஷெட்டில் பெரிய தினசரிக் காலண்டர் ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு டிரைவரின் லைசென்ஸ் தேதிக்கும் மூன்று மாதம் முன்னால் சிவப்பு மசியில் ஒரு வட்டம். தேதி முடிவதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே புதுப்பிக்க மனுச் செய்யலாம் என்பதால், "மறந்துட்டேனுங்க" என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதத்தின்போது டிரைவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை முகாம் நடந்தால், வண்டியை நிறுத்திவிட்டாவது எல்லோரும் போகவேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

மாமா? அவர் ஷெட்டிலேயே இருக்கிறார். வண்டி புறப்படும் முன் டயர், பிரேக், விளக்கு, லோடு எல்லாம் பார்த்து அனுப்புவது அவர் வேலை. சம்பளம் உண்டு, பேட்டா கிடையாது. முன்பு வந்த வருமானம் இல்லைதான். பெண்ணின் கடைசி வருஷப் படிப்புக்கு அம்மா கடன் கொடுத்தாள். அவர் வட்டியும் சேர்த்துத்தான் வாங்கிக் கொள்ள வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சில நாள் பொழுது சாய்ந்த பிறகு, நிற்கிற வண்டியில் ஏறி ஸ்டீரிங்கைப் பிடித்துக் கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அப்போது யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

ஷெட்டின் சுவரில் ஒரு பழைய நம்பர் பிளேட்டை ஆணி அடித்து மாட்டியிருக்கிறார். அது அப்பா முதன்முதலில் வாங்கிப் பிறகு விற்றுவிட்ட லாரியினுடையது. அதிலிருந்து நாடா வைத்து அளந்து, 25 மீட்டர் தூரத்தில் தரையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார். புதிதாக எந்த டிரைவர் வந்தாலும், கோட்டில் நின்று அதைப் படித்துக் காட்ட வேண்டும். "டாக்டர் சோதனைக்கு இது ஈடில்லே பாப்பா. ஆனா, நாம பார்க்கிறோம்னு அவங்களுக்குத் தெரியணுமில்லே?" என்பார்.

உங்களிடம் நான் கேட்டுக் கொள்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இன்று ராத்திரி பீரோவைத் திறந்து, உங்கள் பெயரில் உள்ள வண்டியின் காகிதங்களைப் பாருங்கள். அதை ஓட்டுகிறவரின் லைசென்ஸை வாங்கி இரண்டு தேதிகளையும் பாருங்கள். குழந்தை போகிற பள்ளிக்கூட வேனின் டிரைவரை, "கண் சோதனை எப்போது செய்து கொண்டீர்கள், அண்ணா?" என்று அன்பாக விசாரியுங்கள். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருந்தால் கண் டாக்டரிடம் கையோடு அழைத்துப் போங்கள். வழியில் எந்த அதிகாரியாவது நிறுத்தி நோட்டீஸ் கொடுத்துவிட்டால், பணத்தைக் கட்டி ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாமல், அது எதைச் சொல்ல வந்தது என்று ஒரு தரம் யோசித்துப் பாருங்கள்.

இத்தனை உபதேசம் செய்கிறாயே, உன் யோக்கியதை என்ன என்று கேட்கிறீர்களா? அதையும் சொல்லிவிடுகிறேன். சமீபத்தில் ஊருக்குப் போனபோது, கடைவீதிக்குப் போவதற்காக அம்மாவின் ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன். சாவி மாமாவிடம் இருந்தது. "கோட்டிலே நில்லு பாப்பா. படி" என்றார். அலட்சியமாகப் போய் நின்றேன். அப்பாவின் லாரி நம்பர். மனப்பாடமாகச் சொல்லலாம் என்ற தைரியம். மாமா சிரித்துக் கொண்டே அதைக் கழற்றிவிட்டு வேறொரு பிளேட்டை மாட்டினார்.

எட்டா, மூன்றா என்று எனக்குத் தெரியவில்லை.

"சாவி கிடையாது பாப்பா" என்றார் மாமா.

இந்தக் கட்டுரையை எழுதும்போது என் மூக்கின்மேல் புத்தம் புதிதாக ஒரு கண்ணாடி உட்கார்ந்திருக்கிறது.